தினம் ஒரு பொது அறிவுக் கேள்வி: குழுவில் போடுவது எப்படி?

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன், அம்மாவின் போனில் எட்டிப் பார்க்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் என்று எல்லாரும் அதில் உண்டு. மூன்று வருடமாக அங்கே காலை ஏழு மணிக்கு ஒரு பொது அறிவுக் கேள்வி போட்டு வருகிறேன். வெறும் காலை வணக்கப் படங்களாக ஓடிக்கொண்டிருந்த குழு அது. இப்போது கேள்வி கொஞ்சம் தாமதமானால் "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். வேறு குழுக்களில் இருப்பவர்களும் எப்படிச் செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி. ஆரம்ப உற்சாகத்தில் தினம் பத்துக் கேள்வி போடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. பத்துக் கேள்வி என்றால் அது மாதிரித் தேர்வு. பரீட்சைக்குப் படிக்கும் நாலு பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். ஒரே கேள்வி என்றால் தோசை ஊற்றிக்கொண்டே யோசிக்கலாம், பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் கேட்கலாம், ராத்திரி விடை வரும் வரைக்கும் மனதில் போட்டு வைத்திருக்கலாம்.

இரண்டாவது விஷயம்தான் இந்தப் பதிவிலேயே முக்கியமானது: கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்க வேண்டும்.

ஆரம்பித்த இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, "இந்தியாவின் முதல் ரயில் எங்கே ஓடியது?" என்று ஒரு கேள்வி போட்டேன். நான் நினைத்து வைத்திருந்த விடை பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு, 1853 ஏப்ரல் 16. எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதானே என்று நிம்மதியாக இருந்தேன். குழுவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா இருக்கிறார், அதிகம் பேச மாட்டார். அன்று மதியம் அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "செங்குன்றம் என்று ஒரு ஆப்ஷன் இல்லையே தம்பி." தேடிப் பார்த்தால் அவர் சொன்னது முழுக்கச் சரி. 1837-லேயே செங்குன்றத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையில் தண்டவாளம் போட்டு, சாலை போடுவதற்கான கல்லை ஏற்றி வந்திருக்கிறார்கள். நான் கேட்டிருக்க வேண்டியது "முதல் *பயணிகள்* ரயில்". ஒரு சொல் விட்டுப்போனதில் கேள்வியே தவறாகிவிட்டது.

அன்று ராத்திரி விடையோடு திருத்தத்தையும் சேர்த்துப் போட்டேன், ஐயாவுக்கு நன்றி சொல்லித்தான். மறுநாள் கேள்வியையும் அதிலிருந்தே எடுத்தேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எந்த நிலையத்திலிருந்து கிளம்பியது? சென்ட்ரல், எழும்பூர், ராயபுரம், கடற்கரை. பெரும்பாலானவர்கள் சென்ட்ரலைத் தொட்டார்கள். விடை ராயபுரம், 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோடு வரை போனது. சென்ட்ரல் நிலையம் திறந்ததே 1873-ல், எழும்பூர் 1908-ல். "அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது, வடசென்னைப் பக்கம் போனால் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளை நேரில் போய்ப் படம் எடுத்து அனுப்பியிருந்தது. ஒரு தப்பான கேள்வியிலிருந்து அந்த வாரம் முழுக்கப் பேச்சு கிடைத்தது. ஆனாலும் தப்பு தப்புதான், அதனால் எங்கெல்லாம் கால் இடறும் என்று சொல்லிவிடுகிறேன்.

"முதல்", "பெரிய", "நீளமான", "உயரமான" என்று வருகிற கேள்வி எல்லாமே இரண்டு தடவை பார்க்க வேண்டியவை. உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது என்று கேட்டால் பாதிப் பேர் சகாரா என்பார்கள், விவரம் தெரிந்தவர்கள் அண்டார்டிகா என்பார்கள். மழை குறைவு என்பதுதான் பாலைவனத்துக்கு இலக்கணம் என்பதால் பனி மூடிய அண்டார்டிகாவும் பாலைவனம்தான், சகாராவை விடப் பெரியதும்கூட. நீங்கள் சகாராவை மனதில் வைத்திருந்தால் "வெப்பப் பாலைவனம்" என்று எழுதுங்கள். உலகின் நீளமான ஆறு நைலா அமேசானா என்று ஆய்வாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், அந்த மாதிரிக் கேள்வியை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, காலத்தோடு விடை மாறுகிற கேள்விகள். தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? பழைய வினா வங்கியில் 32 என்று இருக்கும், 2019 கடைசியில் அச்சானதில் 37 என்று இருக்கும், 2020-ல் மயிலாடுதுறை வந்த பிறகு 38. மாநிலங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். 2019 வரை 29 என்று படித்தவர்கள் இன்றும் 29 என்றே அடித்துச் சொல்வார்கள், ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமானதில் அது 28 ஆனது. அதிக நிலவுகள் உள்ள கோள் எது என்ற கேள்வியில் வியாழனும் சனியும் மாறி மாறி முன்னால் வந்தன. 2025-ல் ஒரே மூச்சில் 128 புது நிலவுகளை அங்கீகரித்ததில் சனி 274-க்குப் போய்விட்டது. இப்படிப்பட்ட கேள்வியில் வருடத்தைக் கேள்விக்குள்ளேயே எழுதிவிடுங்கள், அல்லது மாறாத பக்கத்திலிருந்து கேளுங்கள். "தமிழ்நாட்டின் 38-வது மாவட்டம் எது?" என்று கேட்டால் நாளைக்குப் புது மாவட்டம் வந்தாலும் அந்தக் கேள்வி நிற்கும்.

மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த பொய்கள். இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று நாமெல்லாம் படித்தோம். அப்படி எந்த விளையாட்டையும் அறிவிக்கவில்லை என்று 2012-ல் ஒரு பள்ளி மாணவி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மத்திய அரசே பதில் சொல்லிவிட்டது. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்தது என்று வருடா வருடம் ஆகஸ்டில் ஒரு ஃபார்வர்டு வரும், அதை யுனெஸ்கோ எப்போதோ மறுத்தாயிற்று. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பதும் இந்த வகைதான். இவற்றை விடையாக வைத்துக் கேள்வி போடக்கூடாது. ஆனால் "இது உண்மையா, பொய்யா?" என்று மாதம் ஒன்று போடலாம். அந்த நாளில்தான் எங்கள் குழு மிகவும் சூடாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொருவரும் அதைப் பள்ளியில் படித்ததாகச் சத்தியம் செய்வார்கள்.

கேள்விகளை எங்கிருந்து எடுப்பது? எனக்கு முதல் இடம் நம் பள்ளிப் பாடப்புத்தகங்கள், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்புறம் பெரியசாமித் தூரன் தலைமையில் 1954-லிருந்து 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம். அறிவியல் செய்திகள் அதில் பழசாகியிருக்கும், ஆனால் ஊர், பயிர், கைத்தொழில், இசைக்கருவி பற்றியெல்லாம் அதில் இருப்பது பொக்கிஷம். தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அங்கேயே நின்றுவிடக்கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேள்வி தயாரிக்கச் சொன்னால் நிமிடத்தில் ஐம்பது தரும். அதில் பிழையான ஆண்டும் இல்லாத ஆளும் அழகான தமிழில் கலந்து வரும், ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் பொறுமை இருந்தால் மட்டும் தொடுங்கள். பயிற்சி மையங்களின் வினாத்தொகுப்பை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அது அவர்கள் உழைப்பு. நான் வைத்திருக்கும் விதி, இரண்டு இடத்தில் பார்க்காத விடையைப் போடுவதில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியது போல் இருந்தால் அது ஒரே இடம்தான், மூன்றாவதாக ஒன்றைத் தேட வேண்டும்.

சரி, ஒரு கேள்வியை எழுதுவது எப்படி என்று ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். முதலில் என் நோட்டில் எழுதியது: "தேசிய அறிவியல் தினம் எப்போது?" இது மனப்பாடக் கேள்வி, தெரிந்தவர் தொடுவார், தெரியாதவர் கடந்துபோவார். அதுவும் அன்றைக்கே போடுவதால் கேள்வியே விடையைச் சொல்லிவிடுகிறது. அடித்துவிட்டு, "இது யார் நினைவாக?" என்று மாற்றினேன். விடை சர் சி.வி. ராமன், பரவாயில்லை, ஆனாலும் தட்டை. மூன்றாவது தடவை இப்படி வந்தது: "இன்று தேசிய அறிவியல் தினம். பிப்ரவரி 28-க்கும் சி.வி. ராமனுக்கும் என்ன தொடர்பு?" தேர்வுகள்: அவர் பிறந்த நாள், ராமன் விளைவைக் கண்டறிந்த நாள், நோபல் பரிசு பெற்ற நாள், மறைந்த நாள். இப்போது நாலுமே நம்பும்படி இருக்கின்றன. தலைவர்கள் நினைவு நாள் என்றாலே பிறந்த நாள் என்று நமக்குப் பழகிவிட்டதால் பெரும்பாலானவர்கள் அதைத்தான் தொடுவார்கள். விடை, 1928-ல் அதே நாளில்தான் அந்தக் கண்டுபிடிப்பு. அவர் பிறந்தது நவம்பர் 7, மறைந்ததும் நவம்பரில், நோபல் வாங்கியது 1930 டிசம்பரில். தவறான ஒவ்வொரு தேர்வும் விளக்கத்தில் ஒரு தகவலாகத் திரும்பி வருகிறது பாருங்கள், நல்ல தேர்வுகளுக்கு அதுதான் அடையாளம். தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா என்ற கேள்விக்கு ஒரு தேர்வாக ஆனைமுடியை வைப்பதும் இதற்காகத்தான். அது 2,695 மீட்டர், தொட்டபெட்டாவை விட உயரம், ஆனால் கேரளத்தில் இருக்கிறது. எவரெஸ்ட்டைத் தேர்வாக வைத்தால் இடம்தான் வீண்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். சரியான விடை மட்டும் நீளமாக, விவரமாக இருந்தால் படிக்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள், நாலையும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் எழுதுங்கள். "பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது" என்ற நடை பரீட்சைத் தாளுக்குச் சரி, குழுவில் "இவற்றில் எது சேராது?" என்றால் போதும்.

தேர்வுகளில் ஐந்தாவதாக "தெரியவில்லை" என்று ஒன்று வையுங்கள். டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் ஐந்தாவதாக E என்று ஒரு வட்டம் இருக்கிறதே, விடை தெரியாதவர்கள் நிரப்புவதற்கு, அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. அதைச் சேர்த்த நாளிலிருந்து அதுவரை ஒரு தடவையும் ஓட்டு போடாதவர்கள் போட ஆரம்பித்தார்கள். அவர்கள் தினமும் கேள்வியைப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், தப்பாகிவிடுமோ என்ற கூச்சம்தான் தடுத்திருக்கிறது.

எந்தச் செயலியில் போடுவது என்பது உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டெலிகிராமில் போல் (poll, அதாவது ஓட்டெடுப்பு) போடும்போது குவிஸ் மோடு என்று ஒன்று இருக்கிறது, சரியான விடையை முன்பே குறித்துவிடலாம். ஒருவர் தொட்டவுடன் அவருக்கு விடை தெரிந்துவிடும், தொட்டதை மாற்ற முடியாது, யார் எதைத் தொட்டார்கள் என்பதை மறைத்தும் வைக்கலாம், முந்தின ராத்திரியே நேரம் குறித்து வைத்துவிட்டுத் தூங்கலாம். விளக்கம் எழுதவும் ஒரு பெட்டி உண்டு, ஆனால் அதில் 200 எழுத்துகள்தான். தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காவதால் இரண்டு மூன்று வரியிலேயே தீர்ந்துவிடும், மிச்சத்தைத் தனிச் செய்தியாகப் போட வேண்டியதுதான். வாட்ஸ்அப் குழுவில் சாதாரணமாகப் போல் போட்டால் யார் எதற்கு ஓட்டு போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரைப் பார்த்து மற்றவர் போடுவதும் நடக்கும். பல விடைகளை அனுமதிக்கும் பொத்தானை அணைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் நாலையும் தொட்டு வைப்பார்கள். அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

கேள்வியைப் பூ வைத்து, பார்டர் போட்டுப் படமாகச் செய்து அனுப்பாதீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கேள்வியைத் தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவர்களுக்குச் சிரமம், திரையை வாசித்துக் கேட்பவர்களுக்கு அது வெறும் படம். எங்கள் குழுவில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு அம்மாவுக்காக அந்த மாதம் முழுவதும் கேள்வியைக் குரல் பதிவாகவும் போட்டேன். இன்று வரை அதை நிறுத்தவில்லை, ஏனென்றால் சமைத்துக்கொண்டே கேட்பவர்கள் பலர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

காலை ஏழுக்குக் கேள்வி, இரவு ஒன்பதுக்கு விடை. நடுவில் யாரும் விடையை எழுதிவிடக் கூடாது என்பது மட்டும்தான் கட்டளை. கூகுளில் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதில்லை, பார்த்தாலும் படிக்கத்தானே போகிறார்கள். விடை போடும்போது "விடை: ஆ" என்று மொட்டையாக நிறுத்திவிடாதீர்கள். மூன்று நாலு வரி விளக்கம் எழுதுங்கள், எங்கே பார்த்தீர்கள் என்று பாடநூலும் பக்கமும் குறிப்பிடுங்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பக்க எண் பெரிய உதவி. கேள்வியை விட இந்த நாலு வரிக்குத்தான் நான் அதிக நேரம் செலவு செய்கிறேன், ஆறு மாதம் கழித்து ஞாபகம் இருக்கப்போவது அதுதான்.

ஒரே விடை இல்லாத கேள்விகளும் வேண்டும், அதை ஓட்டெடுப்பாகப் போடாமல் பேச்சாகப் போடுங்கள். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்த பழைய பித்தளைப் படியையும் உழக்கையும் படம் எடுத்துப் போட்டு, "உங்கள் ஊரில் ஒரு படிக்கு எத்தனை உழக்கு?" என்று மட்டும் கேட்டேன். வாய்பாட்டில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, ஆக நாலு உழக்கு. ஆனால் ஊருக்கு ஊர் படியே வேறாக இருந்திருக்கிறது. அதுவரை வாயே திறக்காத பெண்கள் பரணில் இருந்ததை எல்லாம் இறக்கி, அரிசி அளந்து, படம் படமாக அனுப்பினார்கள். ஒரு பாட்டி மரக்கால் என்ற சொல்லை விளக்க, அவர் பேத்தி அதைத் தட்டச்சு செய்து போட்டாள். அன்று அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனும் ரயில்வே ஐயாவும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கும் இடத்தில் இருந்தார்கள், சொல்லித் தந்தது எல்லாம் அடுக்களைக்காரர்கள்.

மதிப்பெண் பட்டியல் வேண்டாம் என்பது என் அனுபவம். தொடக்கத்தில் வாரா வாரம் முதல் மூன்று பேரைப் போட்டேன், எல்லா வாரமும் அதே மூன்று பேர். ஐந்தாவது வாரத்தில் ஓட்டுப் போடுபவர்கள் பாதியாகிவிட்டார்கள். நிறுத்தியதும் மெல்லத் திரும்பி வந்தார்கள். யாருடைய தவறான விடையையும் பேர் சொல்லிக் காட்டாதீர்கள், வேடிக்கைக்குக்கூட. சாதி, மதம், நிகழ்கால அரசியல் கட்சி பற்றிய கேள்வி வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆட்சேபத்துக்கு வழி வையுங்கள். தேர்வாணையமே முதலில் உத்தேச விடைகளை வெளியிட்டு, மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு சொல்லச் சொல்கிறது, நமக்கு என்ன? மறுநாள் காலை வரை ஆதாரம் காட்டி யார் வேண்டுமானாலும் மறுக்கலாம் என்று குழு விவரத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் சொல்வது சரியாக இருந்தால், கேள்வி போட்ட அதே காலை ஏழு மணிக்கு, எல்லாரும் பார்க்கும்படி "திருத்தம்" என்று தொடங்கிப் போட வேண்டும். பழைய செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவது தவறு. அந்தத் தப்பான விடையை ஒரு பிள்ளை ஏற்கனவே நோட்டில் எழுதியிருக்கலாம், நாளைக்குப் பரீட்சையில் அதையே நிரப்பலாம்.

கையில் எப்போதும் இருபது கேள்வி இருப்பு வைத்திருங்கள். என்னுடையது நீள நோட்டு, பக்கத்துக்கு ஒரு கேள்வி: மேலே கேள்வி, நடுவில் விடையும் விளக்கமும், கீழே எங்கே பார்த்தேன் என்பது, ஓரத்தில் போட்ட தேதி. போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தபோது நோட்டை அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் கொடுத்தேன், இப்போது பத்தாவது போய்விட்டான். ஒரு நாள்கூட விடாமல் காலை ஏழுக்குப் போட்டிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் நோட்டின் கடைசியில் அவன் கையெழுத்தில் ஆறு புதுக் கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு இடத்தில் பார்த்ததற்கான குறிப்பு. வியாழக்கிழமைக் கேள்வி இப்போது அவனுடையது.